புல்வெட்டி இன்ஜினுக்கும் மூச்சு முட்டும்

"பி.காம் படிக்கிறவனுக்கு மெக்கானிக் வேலை எதுக்குடா?" என்று கேட்கப் போகிற வகுப்புத் தோழர்களுக்கு முதலிலேயே ஒரு பதில். இது மெக்கானிக் பதிவு இல்லை, கணக்குப் பதிவு. உள்ளங்கை அளவு காகிதம், ஒரு துண்டு ஸ்பாஞ்ச், அதைச் சுத்தம் செய்ய ஒரு கால் மணி நேரம், அந்தக் கால் மணி நேரம் யாருடைய பொறுப்பு என்ற கேள்வி. இவ்வளவுதான் விஷயம்.

என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி, கிளப், அபார்ட்மென்ட், பூங்கா என்று எங்கே பார்த்தாலும் புல் வெட்டுகிற மெஷினின் இன்ஜின் தூசியால் போய்விட்டால், அதை ஓட்டினவரைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலான நேரம் தப்பு அவர் கையில் இல்லை. ஆபீஸ் ரூமில், செலவுக்குக் கையெழுத்துப் போடுகிற மேஜையில் இருக்கிறது.

அதை நிரூபிக்க முதலில் ஏர் ஃபில்டர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஃபார்முலா எல்லாம் கிடையாது.

பெட்ரோல் இன்ஜின் பெட்ரோலில் ஓடுகிறது என்று நாம் சொல்கிறோம். எடை போட்டுப் பார்த்தால் அது முக்கால்வாசிக்கும் மேல் காற்றில்தான் ஓடுகிறது. 1 கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. வீட்டு மொட்டை மாடியில் இருக்கிற 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை ஒன்பது முறை நிரப்புகிற அளவு.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 150 சிசி நாலு ஸ்ட்ரோக் இன்ஜின், நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சு இழுக்கும். அதாவது நிமிடத்துக்கு 1,500 மூச்சு, மூச்சுக்கு 150 மில்லி. முழு வேகத்தில் இழுத்தால் நிமிடத்துக்கு 225 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர்தான் மூச்சு விடுகிறார். அப்படியென்றால் முப்பது பேர் மூச்சை அந்தக் குட்டி மெஷின் ஒற்றை ஆளாக இழுக்கிறது. அதுவும் எங்கே நின்று? காய்ந்த புல்லும் செம்மண்ணும் தான் கிளப்பிவிட்ட புழுதியின் நடுவில் நின்று! கார், பைக் எல்லாம் புழுதியைப் பின்னால் விட்டுவிட்டுப் போய்விடும். லான் மோவர் தன் புழுதியைத் தானே குடிக்கிறது.

அந்தப் புழுதியில் இருக்கிற மணல் துகள் சாதாரணமானது இல்லை. அதில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. சாதாரண இரும்பும் அலுமினியமும் அதற்குக் கீழேதான். அந்தத் துகள் உள்ளே போய் ஆயிலோடு கலந்தால், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உப்புத்தாளை வைத்துத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். நம் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் சுமார் என்றால், சேதம் செய்கிற துகள் அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும். கண்ணுக்கே தெரியாது.

இதைத் தடுக்கிற ஒரே காவலாளிதான் ஏர் ஃபில்டர். அந்தக் காவலாளி இரண்டு விதமாகத் தோற்கலாம்.

முதல் விதம், அடைத்துக்கொள்வது. காற்று குறையும், கார்புரேட்டர் வழியாக பெட்ரோல் தேவைக்கு மேல் போகும். கறுப்புப் புகை தள்ளும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், இழுவை இருக்காது, உயரமான புல்லுக்குள் விட்டால் ஆஃப் ஆகும். பெட்ரோல் வீண். ஆனால் இதைச் சரிசெய்து விடலாம்.

இரண்டாவது விதம், கிழிந்தோ, சரியாக உட்காராமலோ, இல்லவே இல்லாமலோ போவது. இதில் இருக்கிற கொடுமை என்னவென்றால் இன்ஜின் நன்றாக ஓடும்! காற்று தாராளமாகப் போகிறதே. சொல்லப் போனால் அடைத்த ஃபில்டரைக் கழற்றி எறிந்தால் மெஷின் உடனே உற்சாகமாகச் சீறும். உள்ளே மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். சில மாதம் கழித்து நீலப் புகை வரும், ஆயில் குடிக்கும், கயிறை எத்தனை முறை இழுத்தாலும் கம்ப்ரஷன் இருக்காது. கறுப்புப் புகை எச்சரிக்கை, நீலப் புகை இரங்கல் செய்தி.

சரி, சுத்தம் செய்வது எப்படி? இதில்தான் நம்ம ஊர் வழக்கம் பலதும் தப்பு. ஃபில்டரில் பொதுவாக இரண்டு வகை. ஒன்று ஸ்பாஞ்ச், இன்னொன்று மடித்து மடித்து வைத்த காகிதம். சில மெஷினில் காகிதத்துக்கு மேல் ஸ்பாஞ்ச் உறை போட்டிருக்கும்.

ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசலாம். துணி மாதிரி முறுக்கிப் பிழியக் கூடாது, கிழியும். உள்ளங்கையில் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, உங்கள் மெஷினின் புத்தகம் எண்ணெய் போடச் சொன்னால் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டுப் பிசைந்து, மிச்ச எண்ணெயைப் பிழிந்துவிட வேண்டும். அந்தப் பிசுபிசுப்புதான் தூசியைப் பிடிக்கும். சொட்டச் சொட்டப் போட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். பெட்ரோலில் முக்கி அலசுகிற பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. வேண்டாம். தீ பிடிக்கிற ஆபத்து ஒரு பக்கம், ஸ்பாஞ்ச் பாழாவது இன்னொரு பக்கம்.

காகித ஃபில்டருக்குத் தண்ணீரும் கூடாது, எண்ணெயும் கூடாது. கெட்டியான தரையில் மெதுவாகத் தட்டினால் தளர்ந்த தூசி உதிரும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றாலோ, எங்காவது கிழிசல் இருந்தாலோ புதுசு போட வேண்டியதுதான். கம்ப்ரஸர் வைத்துக் காற்று அடிக்கிறார்களே, அதுதான் பெரிய வில்லன். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் புத்தகங்கள் காற்று அடிக்கவே கூடாது என்கின்றன. ஹோண்டா தன் ஜிஎக்ஸ் இன்ஜின்களுக்கு அனுமதிக்கிறது, ஆனால் 30 பிஎஸ்ஐக்கு மிகாமல், உள்பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாக. டயர் கடையில் அந்த அழுத்தத்துக்குக் குறைத்து அடிப்பவர் யார்? காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். பார்க்கச் சுத்தமாக இருக்கும், வேலை செய்யாது.

ஆச்சரியமான இன்னொரு விஷயம். காகித ஃபில்டர் மீது லேசாகத் தூசி படிந்திருக்கும்போது அது இன்னும் நன்றாகவே வடிகட்டும். படிந்த தூசியே ஒரு கூடுதல் சல்லடை. அதனால் "தினமும் கழற்றித் தட்டு" என்பதும் சரியான அறிவுரை இல்லை. கழற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அழுக்கு உள்ளே விழ வாய்ப்பு உண்டு. மூடியைத் திறக்கும் முன் வெளியே துடைத்துவிட்டு, ஃபில்டரை எடுத்ததும் அந்த ஓட்டையில் ஒரு சுத்தமான துணியை வைத்துவிடுவது நல்லது. திரும்ப மாட்டும்போது விளிம்பு இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் பிளேடைப் பார்க்க மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்கட்டும். இல்லையென்றால் ஆயில் வழிந்து ஃபில்டரை நனைத்துவிடும். எந்த வேலைக்கு முன்னாலும் ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றிவிட வேண்டும், கீழே பிளேடு இருக்கிறது, மறக்காதீர்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? சிறிய இன்ஜின்களுக்கு 25 மணி நேரம் அல்லது 50 மணி நேரம் ஓடிய பிறகு என்று புத்தகத்தில் இருக்கும். புழுதி அதிகமான இடத்தில் இன்னும் அடிக்கடி. நம்ம ஊர் கோடையைப் பார்த்தால் 25-ஐ வைத்துக்கொள்வதுதான் உத்தமம்.

மெக்கானிக் பாடம் முடிந்தது. இனி காமர்ஸ் :-)

கீழே இருக்கிற எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். மெஷின் விலை 40,000 ரூபாய். வாரத்துக்கு 4 மணி நேரம் ஓட்டம், வருடத்துக்குச் சுமார் 200 மணி நேரம். 25 மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தம் என்றால் வருடத்துக்கு 8 தடவை. ஒரு தடவைக்குக் கால் மணி நேரம், மொத்தம் 2 மணி நேரம். நாள் கூலி 600 ரூபாய், 8 மணி நேரம் என்றால் இந்த 2 மணி நேரத்தின் விலை 150 ரூபாய். வருடத்துக்கு இரண்டு புது ஃபில்டர், ஒன்று 400 என்றால் 800. ஆக மொத்தம் வருடத்துக்கு 950 ரூபாய்.

கவனிப்பே இல்லாமல் அந்த மெஷின் 4 வருடம் உழைக்கிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 10,000 ரூபாய் தேய்மானம். இப்போது கேள்வி, அந்த 950 ரூபாய் செலவு நியாயமாக இருக்க மெஷின் இன்னும் எவ்வளவு காலம் கூடுதலாக உழைக்க வேண்டும்? 40,000-ஐ 9,050-ஆல் வகுத்தால் 4.42 வருடம். அதாவது சுமார் 5 மாதம் கூடுதலாக ஓடினாலே போட்ட காசு வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு மாதமும் லாபம். மிச்சமாகிற பெட்ரோலை நான் சேர்க்கவே இல்லை.

இவ்வளவு சுலபமான கணக்கு ஏன் நடப்பதில்லை? ஏனென்றால் 40,000 ரூபாய் மூலதனச் செலவு. அதற்குக் கொட்டேஷன் உண்டு, கமிட்டி உண்டு, மாலை போட்டு போட்டோ எடுப்பது உண்டு. 400 ரூபாய் ஃபில்டர் வருவாய்ச் செலவு. அதைக் கேட்டு வருகிறவர் வாசலில் நிற்க வேண்டும். இருப்புநிலைக் குறிப்பில் மெஷின் ஒரு சொத்தாகத் தெரியும், அதைக் காப்பாற்றுகிற ஃபில்டர் வெறும் "இதரச் செலவு". நாம் மூன்றாவது செமஸ்டரில் உருப்போட்டோமே, கணக்கியல் தரநிலை 10, அதிலேயே ஒரு சொத்தின் பயனுள்ள ஆயுளைத் தீர்மானிக்கும் காரணங்களில் பழுதுபார்ப்பு, பராமரிப்புத் திட்டமும் ஒன்று என்று இருக்கிறது. தேர்வில் அதை எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு வெளியே வந்தால், நிஜத்தில் அந்தத் திட்டம் எந்த ஃபைலிலும் இல்லை.

இது எனக்குத் தோன்றக் காரணம் போன வருடம் எங்கள் கல்லூரியில் நடந்த ஒரு விஷயம். மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ஒருவர். தினக்கூலி. லான் மோவர் அடைத்துக்கொண்டு புகை தள்ளுகிறது, புது ஃபில்டர் வேண்டும் என்று மூன்று முறை ஆபீஸில் கேட்டார். மூன்று முறையும் "பார்க்கலாம்". விளையாட்டு விழா நெருங்கிவிட்டது, புல் வெட்டியே ஆக வேண்டும். ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினார். மெஷின் பிரமாதமாக ஓடியது. விழா முடிந்தது, பாராட்டு கிடைத்தது. ஐந்தாறு மாதத்தில் இன்ஜின் போனது. பிரித்துப் பார்த்த மெக்கானிக், "ஃபில்டர் இல்லாம ஓட்டியிருக்காங்க, போர் தேஞ்சிருச்சு" என்று சொன்னார். உண்மைதான். அந்த உண்மையை வைத்து அண்ணன் கூலியில் 2,000 ரூபாயை இரண்டு தவணையாகப் பிடித்துவிட்டார்கள்.

"கேட்டேன் தம்பி. மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா யாருதான் ஓடுவாங்க?" என்று மட்டும் சொன்னார். கேட்டதற்குச் சாட்சி இல்லை. செலவுக்கு மட்டும் வவுச்சர் இருந்தது.

இந்த இடத்தில் தொழில் சட்டப் பாடத்தையும் கொஞ்சம் புரட்டலாம். ஒப்படைத்த பொருளுக்குச் சேதம் என்று சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், அந்தச் சேதம் நேரடியாக அவருடைய கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இது இருந்தது. 2019-இல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதே விதி இருக்கிறது. ஃபில்டர் கேட்டுக் கிடைக்காதவருடைய கவனக்குறைவா, கேட்டும் வாங்கித் தராதவருடைய கவனக்குறைவா? அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவே இல்லை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளும் எனக்குத் தெரியும்.

"மெஷினை ஓட்டுகிறவருக்குப் பராமரிப்பும் தெரிந்திருக்க வேண்டாமா?" வேண்டும். ஆனால் தெரிந்துகொள்ள மூன்று விஷயம் தேவை: நேரம், உதிரிபாகம், புரிகிற மொழியில் ஒரு வழிமுறை. கூலி வெட்டின புல்லுக்கு, துடைத்த ஃபில்டருக்கு இல்லை. உதிரிபாகம் ஆபீஸ் கையில். வழிமுறைப் புத்தகம் ஆங்கிலத்தில், அதுவும் பீரோவுக்குள், வாரண்டி அட்டையோடு. பல நிறுவனங்கள் தூசி புகுந்து தேய்ந்த இன்ஜினுக்கு வாரண்டி தருவதில்லை என்று அந்த அட்டையிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்க வேண்டியவர் அண்ணனா?

"எத்தனை மணி நேரம் ஓடியது என்று யார் எண்ணுவது? மீட்டரே இல்லையே?" நல்ல கேள்வி. சாதாரண லான் மோவரில் ஓட்ட மீட்டர் கிடையாதுதான். ஆனால் பெட்ரோல் பில் இருக்கிறதே! ஒரு லிட்டரில் உங்கள் மெஷின் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று ஒரே ஒருமுறை கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் என்றால், 25 லிட்டர் பெட்ரோல் பில் சேர்ந்ததும் ஃபில்டர் சுத்தம் செய்கிற நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பில்கள் ஏற்கெனவே ஆபீஸ் ஃபைலில் தேதி வாரியாகக் கோத்து வைக்கப்பட்டிருக்கின்றன. மெஷின் எப்போது மூச்சுத் திணறும் என்ற தகவல் மைதானத்தில் இல்லை, கணக்குப் பிரிவில் இருக்கிறது. இதனால்தான் பொறுப்பும் அங்கேதான் இருக்க வேண்டும் என்கிறேன்.

"இனிமேல் எல்லாம் பேட்டரி, ஏர் ஃபில்டரே கிடையாது." இதுவும் ஓரளவு உண்மை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 2021-இல் சட்டம் போட்டு, 2024 மாடல் ஆண்டு முதல் புதிய லான் மோவர் போன்ற சிறிய பெட்ரோல் இன்ஜின்களைக் கட்டுப்படுத்தியது. ஆனால் ஏற்கெனவே வாங்கிய மெஷின் இன்னும் பல வருடம் ஓடத்தான் போகிறது. தோப்புகளில் புதர் வெட்டுகிற பிரஷ் கட்டர், வயலில் களை எடுக்கிற பவர் வீடர் எல்லாமே இதே மாதிரி குட்டி இன்ஜின்கள்தான். 2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் வாங்கி இவற்றை எடுத்த சிறு விவசாயிகள் நிறையப் பேர். மானியம் மெஷினை வாங்கித் தரும், ஃபில்டரைத் துடைத்துத் தராது. கல்லூரிக்கு ஒரு இன்ஜின் போனால் அடுத்த பட்ஜெட். கடன் வாங்கி, மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறவருக்கு ஒரு இன்ஜின் போனால் அந்த சீசனே போச்சு.

அதனால் மெஷின் வைத்திருக்கிற எந்த நிறுவனத்துக்கும் என் கோரிக்கை நாலே நாலு. ஒன்று, மெஷின் வாங்கும் அன்றே இரண்டு ஃபில்டர் சேர்த்து வாங்கி, ஓட்டுகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். இரண்டு, சுத்தம் செய்கிற கால் மணி நேரத்தை வேலை நேரம் என்று எழுதுங்கள். மூன்று, மேலே சொன்ன வழிமுறையைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி மெஷின் நிற்கிற ஷெட்டில் ஒட்டுங்கள். நாலு, அங்கேயே ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். பெட்ரோல் போட்ட தேதி, துடைத்த தேதி, ஃபில்டர் கேட்ட தேதி, கொடுத்த தேதி. அந்த நோட்டு இருந்திருந்தால் அண்ணனிடம் அந்த 2,000 ரூபாயைப் பிடித்திருக்க முடியாது.

நாளைக்கு நம்மில் பலர் ஏதோ ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்டாக உட்காரப் போகிறோம். நம் மேஜைக்கு எதிரே ஒருவர் வந்து 400 ரூபாய் சாமான் ஒன்று கேட்டு நிற்பார். அதன் பெயர்கூட நமக்குத் தெரியாமல் இருக்கலாம். "பார்க்கலாம்" என்று சொல்வதற்கு முன், எதற்கு என்று ஒரு கேள்வியாவது கேட்டுவிடுவோம். கேட்டதை எழுதியும் வைப்போம்.

பி.கு: உங்கள் பைக்கிலும் ஏர் ஃபில்டர் உண்டு மக்களே. சில வண்டிகளில் எண்ணெய்ப் பசை ஏற்றிய காகித ஃபில்டர் இருக்கும். அதைத் தட்டவும் கூடாது, காற்று அடிக்கவும் கூடாது, நேரம் வந்தால் மாற்றத்தான் வேண்டும். வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது "ஃபில்டருக்கும் ஒரு ஏர் அடிச்சிடுங்கண்ணே" என்று சொல்லும் முன் வண்டியின் புத்தகத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.